எல்லாக் கொலையும் செய்த கண்டக்டர்

ஓய்வு பெற்றவளை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். போன மாதம் கல்யாண வீடியோ எடுக்கும் பிள்ளைகள் கூப்பிட்டுவிட்டார்கள். அவர்கள் சங்கக் கூட்டத்தில் பழைய காலத்து எடிட்டிங் பற்றி நான் பேச வேண்டுமாம். பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

"அக்கா, டிவியில ஒரு கொலை சீரியல் ஏழெட்டு வருசமாப் பாக்குறேன். முன்னாடியெல்லாம் நகத்தக் கடிச்சுக்கிட்டுப் பாப்பேன். இப்ப வெங்காயம் உரிச்சுக்கிட்டுப் பாக்குறேன். ஏங்க்கா இப்படிச் சலிச்சுப்போவுது?"

"கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுபோனா வெங்காயம்தாம்மா" என்று சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். அது பாதிப் பதில்தான். மீதியைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு கண்டக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நேரம் இல்லை, கேசரி வேறு ஆறிக்கொண்டிருந்தது.

எனக்கு எரியோட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். திண்டுக்கல்லில் சைக்கிள் கடைக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தட்டச்சுப் படித்த தகுதியில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் சேர்ந்தேன். அங்கே தட்டச்சு இயந்திரமே கிடையாது. இரண்டு வி.சி.ஆர். பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் ஓடுவதை மற்றதில் துண்டு துண்டாகப் பதிவதுதான் அந்தக் காலத்து எடிட்டிங். பந்தியில் நடந்த சம்பந்திச் சண்டையை வெட்டு, மாப்பிள்ளை கொட்டாவியை வெட்டு, தாலி கட்டும்போது குறுக்கே போன சமையல்காரரை வெட்டு. என் படிப்பு அவ்வளவுதான். நான் வெட்டிய ஒரு கல்யாணத்தைப் பார்த்துவிட்டு சிக்கந்தர் பாய் ஆள் அனுப்பினார். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது.

பாய் தோல் வியாபாரக் குடும்பம். வியாபாரத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு, ஒரு டயர் கடை மாடியில் உள்ளூர் கேபிள் சேனல் வைத்திருந்தார். காலையில் பக்திப் பாட்டு, பிறகு கடை விளம்பரம், இடையிடையே கண்ணீர் அஞ்சலி அட்டை, ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவரே எழுதி இயக்கும் 'ஞாயிறு மர்மம்'. ஒரு கதைக்கு நான்கு ஞாயிறு. முதல் வாரம் பிணம் விழும், நான்காம் வாரம் கொலைகாரன் பிடிபடுவான். கேபிள் ஒயர் டவுனோடு நின்றுவிடும் என்பதால், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கேபிள்காரர்களுக்குக் கேசட்டில் பிரதி எடுத்து பஸ்ஸில் கொடுத்து அனுப்புவோம். அவர்களும் அதே பதினொரு மணிக்குப் போடுவார்கள்.

பாய் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எடுத்த காட்சி பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். "நல்லாருக்கு. இன்னொருக்கா எடுப்போம்" என்பார். துடைக்கத் துடைக்கக் காட்சி அவ்வளவு மோசம் என்று அர்த்தம். ஒருமுறை துடைத்துக்கொண்டே மாடிப்படி இறங்கித் தேநீர்க் கடை வரை போய்விட்டார். அன்றைக்கு நடித்தவர் அவருடைய சொந்த மைத்துனர்.

அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. கொலைகாரன் முதல் வாரத்திலேயே திரையில் வந்துவிட வேண்டும் என்பது ஒன்று. "பாக்குற சனத்த ஏமாத்தலாம்மா, மோசம் பண்ணக் கூடாது" என்பார். ஒரு கதையில் செத்தவர் அடுத்த எந்தக் கதையிலும் வரக் கூடாது என்பது இன்னொன்று. "மவுத்தானவன் திரும்பி வந்தா அப்புறம் கொலைக்கு என்ன மரியாத?" இந்த இரண்டு சட்டமும்தான் தொடரை நடத்தின. கடைசியில் கழுத்தைப் பிடித்ததும் இவைதான்.

எங்கள் தொடரில் முதலில் செத்தவர் ஒரு பூட்டுக்கடை அண்ணாச்சி. மஞ்சள் காமாலையில் கிடந்து எழுந்த மனிதர், வேடிக்கைக்காக நடித்தார். ஒளிபரப்பான மறுவாரமே அவர் முகத்தில் ரத்தம் ஊறிவிட்டது, பசி எடுத்துவிட்டது. பொய்யாகச் செத்த சேதி பரவினால் ஆயுசு கெட்டி என்று நம் பக்கம் சொல்வார்கள் அல்லவா, அது டவுன் முழுக்கப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு பிணமாக நடிக்க எங்கள் மாடிப்படியில் ஆள் நின்றார்கள். ஏழரைச் சனி நடக்கும் வெல்ல மண்டிக்காரர் வந்தார். கண்டம் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் வந்தார்கள். அப்படிச் சொன்ன ஜோசியரே ஒருநாள் வந்தார். மாமியார்களை மருமகள்கள் கூட்டி வந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

வருகிறவரிடம் பாய் கேட்கும் முதல் கேள்வி, "குப்புறவா, மல்லாக்கவா?"

குப்புறப் படுத்தால் வேலை சுலபம், மூச்சு தெரியாது. ஆனால் முகமும் தெரியாது. முகம் தெரியாமல் செத்து என்ன பயன்? எல்லோரும் மல்லாக்கத்தான் கேட்பார்கள். மூச்சை முழுக்க இழுத்து நிறுத்தினால் வயிறு புடைக்கும். பாதி இழுத்து, கொஞ்சம் விட்டு, அங்கேயே நிறுத்த வேண்டும். பாய் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொடுப்பார். ரத்தத்துக்கு ரோஸ் சர்பத்தில் மைதா கரைப்போம். ஐந்து நிமிடத்தில் எறும்பு வந்துவிடும். வெல்ல மண்டிக்காரர் அவருடைய மண்டியிலேயே செத்தார், எறும்புக்குச் சொல்ல வேண்டுமா? அவர் உருண்டு எழுந்து ஆடிய ஆட்டத்தை நான் வெட்டினேன், ஆனால் அழிக்கவில்லை. இன்னொருவர் செத்துக் கிடக்கும்போதே ஒரு கண்ணைத் திறந்து, "கட போர்டு விழுகுதா?" என்று கேமராக்காரரைக் கேட்டார்.

மூச்சு வரும் இடத்தை எல்லாம் நான் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஓடும் மின்விசிறியைச் சேர்ப்பேன். காலம் சுழல்வதை விசிறியால் காட்டுகிறீர்களே என்று ஒரு ரசிகர் பாராட்டினார். பாய் அதை மறுக்கவில்லை.

சாக இத்தனை பேர் இருந்தும் கொல்ல ஒருவர் கிடைக்கவில்லை. பூட்டுக்கடை அண்ணாச்சியைக் கொன்ற பாயின் மைத்துனர் ஒரு கதையோடு போதும் என்றுவிட்டார். ஒரு துணிக்கடைக்காரர் சம்மதித்தார். படப்பிடிப்பு அன்று காலை, மகளுக்குச் சம்பந்தம் பேசி வருகிறார்கள், இந்த நேரத்தில் கொலை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். சினிமா ஆசையில் இருந்த ஒரு வாலிபனை அவன் அம்மா விளக்குமாறோடு வந்து மீட்டுப் போனார். ஊரில் உள்ள எல்லாச் சங்கத் தலைவர்களும் தனித்தனியாக வந்து, தனித்தனியாகத் தேநீர் குடித்து, ஒரே விஷயத்தைச் சொல்லிப் போனார்கள். கதை நன்றாக இருக்கிறது, கொலைகாரன் மட்டும் நம்ம ஆளாக வேண்டாம்.

அப்போது வந்தவர்தான் தங்கராசு. ரெட்டியார்சத்திரம் வழியாக ஒட்டன்சத்திரம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எங்கள் கேசட்டை வாங்கிப்போகிறவர் அவர்தான். புருவம் இரண்டும் நடுவில் ஒட்டி, கோபக்காரர் போலத் தெரியும். பேசினால் பச்சைப்பிள்ளை. அன்றைக்குக் கேசட் வாங்க வந்தவர் பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"யாராச்சும் செஞ்சுதான பாய் ஆகணும்? நானே கொன்னுட்டுப் போறேன். எத்தன மணிக்கு முடியும்? ரெண்டர ட்ரிப்புக்கு வண்டிய எடுக்கணும்."

இரண்டேகாலுக்கு முடிந்தது. கழுத்தை நெரிக்கும் முன் அவர் பிணமாகப் போகிறவரிடம் சொன்னார். "மன்னிச்சுக்கங்க அய்யா. கை கொஞ்சம் காச்சுப்போயிருக்கும்."

அன்று முதல் எல்லாக் கொலையும் தங்கராசுதான். வருடக்கணக்கில். வெல்ல மண்டிக்காரரைக் கொன்றார், ஜோசியரைக் கொன்றார், மருமகள்கள் கொண்டுவந்து விட்ட மாமியார்களை எல்லாம் கொன்றார். ரெண்டரை ட்ரிப்பை ஒருநாளும் விட்டதில்லை.

தொடர் எப்படிச் சலித்தது என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். முதல் ஒன்றிரண்டு கதைகளில் தேநீர்க் கடைகளில் வாக்குவாதம் நடந்தது. கொலைகாரனைச் சரியாகச் சொல்லும் நேயருக்குக் குலுக்கலில் திண்டுக்கல் பூட்டு ஒன்று பரிசு. போகப்போக எல்லா அஞ்சலட்டையிலும் ஒரே விடைதான். கதை தொடங்குவதற்கு முன்பே விடை வந்து சேர்ந்த வாரமும் உண்டு.

பாய் விடவில்லை. தங்கராசுக்குத் தாடி ஒட்டினார், கண் தெரியாதவராக நடக்க வைத்தார், சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார். தாடியைப் பார்த்ததும், "கொலைகாரனுக்குத் தாடி நல்லா எடுப்பா இருக்கு" என்று போன் வந்தது. கையை மட்டும் காட்டினோம். இரண்டு விரலுக்கு நடுவே பென்சிலைச் சொருகும் பழக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். கடைசி வாரம்வரை அவரைக் காட்டாமல் வைத்தால் தீர்ந்தது, ஆனால் பாயின் முதல் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. பஸ்ஸில் பையன்கள், "ஏலே, கொலகாரன் வாரான், படியில தொங்காத" என்று கத்துவார்கள். தங்கராசு சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழிப்பார். எங்களுக்கு விளம்பரம் ஒவ்வொன்றாக நின்றது. பதினொரு மணிக்கு டவுனில் பெண்கள் கறிக்கு மசாலா அரைக்கப் போய்விட்டார்கள். நானே எடிட் செய்யும்போது ஒருநாள் தூங்கிவிட்டேன்.

அந்த நிலையில்தான் ஒரு மத்தியானம் தங்கராசு மாடி ஏறி வந்தார். வழக்கமாக இரண்டு படி தாவி வருகிறவர், நின்று நின்று வந்தார். பின்னால் அவர் மனைவி செல்லம்மாள்.

"பாய், ஒருக்கா நான் சாகுறேன்" என்றார்.

பாய் சிரித்தார். "என்னப்பு, கொன்னு அலுத்துப்போச்சா?"

"ஆபரேசன் சொல்லிட்டாக பாய். நெஞ்சுல வால்வு மாத்தணுமாம். மதுரையில. அடுத்த மாசம்."

பாயின் சிரிப்பு நின்றது. செல்லம்மாள் முன்னால் வந்தார். அழுதுகொண்டு கேட்கவில்லை, நியாயம் கேட்பது போலக் கேட்டார்.

"இம்புட்டுப் பேரக் கொன்னு அம்புட்டுப் பேருக்கும் ஆயுசக் குடுத்தாக. இவுகளுக்கு ஒருக்கா குடுக்க மாட்டீகளா? டாக்டரு அவரு வேலயப் பாக்கட்டும். இது நம்ம கையில இருக்கு, நம்ம பாக்க வேணாமா?"

நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். இதை எல்லாம் நம்பக் கூடாது. நம்பவில்லை என்று அந்த அம்மாள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை.

பாயின் இக்கட்டு எனக்குத் தெரியும். தங்கராசு செத்தால் பிறகு வர முடியாது. தங்கராசு இல்லாமல் கொலைகாரன் இல்லை. கொலைகாரன் இல்லாமல் தொடர் இல்லை. அந்தத் தொடர்தான் பாய்க்கு எல்லாம். தங்கராசுக்கும் அது தெரிந்திருந்தது.

"எனக்காகச் சட்டத்த மாத்திராதீக பாய். செத்தாச் செத்ததுதான். திரும்பி வந்து நடிச்சா அது அரகொற. பலிக்காது" என்றார்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் செல்லம்மாள். "பொய்யாச் செத்தா மட்டும் பத்தாது. அந்தச் சேதியக் கேட்டு யாராச்சும் நெசமா அழுகணும். அப்பத்தான் உறுதி."

"அதுக்கு நான் எங்கம்மா போவேன்?" என்றார் பாய்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே மலைக்கோட்டைப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டு கேட்டார்.

"குப்புறவா, மல்லாக்கவா?"

கொலைகாரன் தேடும் படலம் மறுபடி தொடங்கியது. சும்மாவே வர மாட்டார்கள், இதில் தங்கராசைக் கொல்ல வேண்டும் என்றால்? கேட்ட இடத்தில் எல்லாம், "அந்த மனுசனையா? ச்சீ, போங்க பாய்" என்றார்கள். மூன்று நாள் கேட்டு அலுத்து வந்து உட்கார்ந்தவரைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

"நான் கொல்றேன் பாய்" என்றேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "ஒனக்குப் பொருத்தம்தான்" என்றார்.

பாய் எழுதியதிலேயே நல்ல கதை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஓர் ஊர் நிறுத்தத்தில் ஒரு பெண் கை காட்டுகிறாள். பஸ்ஸில் கூட்டம், கண்டக்டர் நிறுத்தாமல் போய்விடுகிறார். அவளால் தாயின் கடைசி மூச்சுக்குப் போய்ச்சேர முடியவில்லை. அவருக்கு அது நினைவுகூட இல்லை, அவளுக்கு மறக்கவே இல்லை. பாயின் சட்டப்படி முதல் வாரத்தில் நான் கூடையோடு பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். திரையில் பார்த்தால் என்னை நானே கவனிக்க மாட்டேன், அப்படி ஒரு நிற்பு.

பிணக் காட்சியை பஸ் ஷெட்டில், பஸ்ஸின் கடைசி நீள சீட்டில் எடுத்தோம். செல்லம்மாள் ஷெட்டுக்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தங்கராசு மல்லாக்கப் படுத்தார். எங்கள் தொடரில் அத்தனை நல்ல பிணம் வந்ததே இல்லை. வயிறு அசையவில்லை, இமை அசையவில்லை, எறும்பு கழுத்தில் ஏறியது, அப்போதும் அசையவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. மின்விசிறிக்கு வேலையே இல்லை என்று நான் நினைத்தேன். அடுத்த நொடி எனக்குப் பயம் வந்தது.

"தங்கராசு!" என்று பாய் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

தங்கராசு கண்ணைத் திறந்தார். "சரியாச் செத்தேனா பாய்?"

பாய் போய் அவர் கழுத்திலிருந்த எறும்பைத் தட்டிவிட்டார். இன்னொருக்கா எடுப்போம் என்று அவர் சொல்லாத காட்சியும் அது ஒன்றுதான்.

தங்கராசு மதுரைக்குப் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஞாயிறு வந்தது. சலித்துப்போன சனத்தை இழுக்க பாய் ஒரு புதுமை செய்தார். தொடரின் பெயரைப் போடாமல், எடுத்த எடுப்பில் கண்ணீர் அஞ்சலி அட்டையைக் காட்டினார். மாலை போட்ட படம், 'தங்கராசு, கண்டக்டர்' என்ற பெயர், கீழே 'ஆறாத் துயரில்' என்ற வரி. நாங்கள் தினமும் போடும் நிஜ அட்டைகளில் எழுத்து எப்படி இருக்குமோ, அப்படியே. அட்டை முடிந்ததும் கதை தொடங்கும். டவுனில் அப்படித்தான் தொடங்கியது. டவுன் வாயைப் பிளந்தது. கொலைகாரனே செத்துவிட்டால் கொன்றது யார் என்று தேநீர்க் கடைகள் மறுபடி களைகட்டின.

ரெட்டியார்சத்திரம் பக்கம் அட்டை வந்து நின்ற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. கதை ஓடி முடியும்வரை வரவில்லை.

மறுநாள் காலை செல்லம்மாளைப் பார்க்கப் போனேன். துணிமணி எடுக்க மதுரையிலிருந்து வந்திருந்தார். அவரோடு நானும் போய்த் தங்கராசைப் பார்த்து வருவதாகப் பேச்சு. நான் போய்ச் சேரவும் தெருமுனையில் ஒரு வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பெண்கள் இறங்கினார்கள், ஆண்கள் நாலைந்து பேர் மாலையோடு. முன்னால் வந்த மூக்காயி என்ற கிழவி வாசலிலேயே மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சந்தைக்குக் கோழி கொண்டுபோகிறவர்.

நடந்தது எனக்குப் புரிந்துவிட்டது. பல நாளாக பஸ்ஸில் ஆளைக் காணோம். டிவியில் அட்டை வந்தது. அவர்கள் வேறு எதைப் பார்த்தார்கள்?

"அம்மா, அழுகாதீங்க, அவரு வந்து..." என்று ஆரம்பித்தேன். செல்லம்மாள் என் தொடையில் கிள்ளினார். கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது.

"வாயத் தொறந்தீக, நல்லா இருக்காது. அழுகட்டும்" என்றார், உதடு அசையாமல்.

அழுதார்கள். "கோழிக்கூடைய மேல ஏத்திட்டு, ஆத்தா உள்ள வந்து ஒக்காரும்பியே" என்று மூக்காயி அழுதார். "நான் ஏறி ஒக்கார முன்ன ஒருநாளும் விசில் ஊதலையே, எஞ்சாமி." பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு ரோட்டைத் தாண்டும்வரை வண்டியை நிறுத்திவைப்பாரே என்று ஒரு பெண் அழுதாள். பிரசவ வலியில் ஏறியவளுக்காக ஓரிடத்திலும் நிற்காமல் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட்ட கதையைச் சொல்லி ஓர் ஆண் அழுதார். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த செல்லம்மாள் சத்தம் வராமல் அழுதார். சேதி பொய் என்று தெரிந்தவர் அவர், அவரும் அழுதார். என்னாலும் அடக்க முடியவில்லை. எத்தனையோ வருடம் அவரைக் கொலைகாரனாகவே வெட்டி ஒட்டியவள் நான். அவர் எப்படிப்பட்ட ஆள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அழுகை ஓய்ந்ததும் செல்லம்மாள் உள்ளே போய் ஒரு குண்டான் மோர் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினார். அவர்கள் குடித்து முடித்த பிறகு சொன்னார்.

"அவுக உசுரோடதான் இருக்காக. மதுரையில. நெஞ்சுல ஆபரேசன். நீங்க அழுததுக்கு இனி ஒண்ணும் ஆகாது."

மூக்காயிதான் முதலில் எழுந்தார். செல்லம்மாளை முதுகில் ஓர் அடி வைத்தார். "அடி பாவி மகளே, பத்து வருசத்து அழுகய அழுதுட்டேனேடி!" என்று இன்னொன்று வைத்தார். பிறகு கட்டிக்கொண்டார். "ஆபரேசன் என்னைக்கு?" என்று கேட்டார். வருகிற மூன்றாவது சனிக்கிழமை என்று செல்லம்மாள் சொன்னார். அந்த வேன் திரும்பிப் போன வழியெல்லாம், பிறகு அவர் பஸ் போகும் ஊரெல்லாம், டவுனிலும், அந்தச் சனிக்கிழமை தெரிந்துபோனது.

இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் பாய்க்குப் பெருநாள். அஞ்சலட்டை குவிந்தது. டிரைவர்தான் கொன்றான் என்றார்கள், பஸ் முதலாளி என்றார்கள், முன்பு தங்கராசு கொன்ற யாருடைய மகனோ என்று ஒருவர் எழுதினார். என்னை ஒருவரும் சொல்லவில்லை. "ஒருத்தருக்கும் தெரியலம்மா!" என்று பாய் என்னிடம் காட்டிக் காட்டி மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்தேன். நான்காம் வாரம் கடைசிக் காட்சியில் நான் முந்தானையை விலக்கி முகத்தைத் திருப்ப வேண்டும். அதற்காகப் புதுச் சேலை எடுத்திருந்தேன். டவுன் முழுக்க என் முகத்தைப் பார்க்கப் போகிற முதல் நாள் அது.

அந்த ஞாயிற்றுக்கு முதல் நாள் ஆபரேஷன் நடந்தது. நல்லபடி முடிந்தது, ஆனால் கண் விழிக்கவில்லை, காத்திருக்கிறோம் என்று இரவு தகவல். ஞாயிறு காலையிலும் அதே தகவல்தான்.

பதினொரு மணிக்குக் கேசட்டைப் போட்டோம். பத்தாவது நிமிடம் போன் அடித்தது. பாய் தாவி எடுத்தார். "சொல்லுங்க, யாருன்னு கண்டுபிடிச்சீங்களா?"

அவர் முகம் மாறியது. "இன்னும் முழிக்கலைங்க" என்று வைத்தார். மறுபடி அடித்தது. "இல்லைங்க, சேதி வரல." மறுபடி. பேகம்பூரிலிருந்து, நாகல்நகரிலிருந்து, பஸ் ஸ்டாண்டுக் கடைகளிலிருந்து. கொலைகாரன் யார் என்று ஒருவர் கேட்கவில்லை. பாய் ரிசீவரைக் கீழே வைக்கவும் பயந்தார், எடுக்கவும் பயந்தார். அவர் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. நான் கையில் ஜெபமாலையை வைத்துக்கொண்டு திரையில் என் காட்சி வருவதற்கும் காத்திருந்தேன், அதை மறைக்க மாட்டேன்.

கடைசிக் காட்சி தொடங்கியது. திரையில் நான் முந்தானையைப் பிடித்தேன். போன் அடித்தது.

பாய் எடுத்தார். சொன்னதைக் கேட்டார். ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய்க் கேசட்டை நிறுத்தினார். பக்கத்து அறைக் கேமராவைப் போட்டு, அதன் முன்னால் போய் நின்றார். இத்தனை வருடத்தில் அவர் அதன் எதிரில் நின்றதே இல்லை. சட்டை ஒரு பக்கம் வெளியே தொங்கியது.

"சனங்களே, தங்கராசு கண்ணு முழிச்சுட்டாரு. தண்ணி கேட்டாராம். கண்ணு முழிச்சுட்டாரு" என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்று அழுதார். டவுனே பார்த்தது.

ரிசீவரில் செல்லம்மாள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதுச் சேலையை நினைத்துக் கோபமும் தாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலிருந்து போன். அங்கே கேசட் தனியாக ஓடுகிறது, முழுதும் பார்த்திருப்பார்கள். ஆவலோடு எடுத்தேன்.

"ஏனுங்க, டிவி ஆபீசுங்களா? கதை இப்பத்தான் முடிஞ்சுதுங்க."

"கொலைகாரி யாருன்னு பாத்தீங்களா?"

"பாத்தமுங்க, யாரோ ஒரு அம்மா. அது கெடக்கட்டுமுங்க. நம்ம கண்டக்டரு கண்ணு முழிச்சாருங்களா?"

"முழிச்சுட்டாருங்க" என்றேன். அவர் ரிசீவரை வைக்காமலே திரும்பிக் கத்தினார். மார்க்கெட்டே ஆர்ப்பரித்தது, தகர டப்பாவைத் தட்டினார்கள், லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ரிசீவரை பாயின் காதில் வைத்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். சத்தம் அடங்கியதும் அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டார்கள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம கதை கெடையாதுங்க. அதுக்கு அடுத்த வாரமும் இல்ல" என்றார் பாய். "நாங்க மதுரைக்குத் தங்கராசப் பாக்கப் போறோம்."

"வண்டி எத்தன மணிக்குங்க?" என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. "நாங்களும் வர்றமுங்க."